அல்கால் மங்கும் 10 மணி நேரம்: ஒரு கேமரா, ஒரு டிரேசிங் தாள், 5 இரவுகள்

பெர்சியஸ் விண்மீன் குழுவில் அல்கால் என்று ஒரு விண்மீன் இருக்கிறது. வழக்கமாக வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். ஆனால் ஏறக்குறைய 69 மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்ல மங்கி, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே ஒளி குறைந்து, திரும்பப் பழைய நிலைக்கு வரும். மங்கத் தொடங்கி மீளும்வரை கிட்டத்தட்ட 10 மணி நேரம். அங்கே இருப்பது ஒரு விண்மீன் இல்லை. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. ஒன்று மற்றொன்றை நம் பார்வையிலிருந்து மறைத்துக்கொண்டு போகிறது. இந்த வகைக்கு மறைப்பு இரும விண்மீன் என்று பெயர்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டு பல வருடம் ஆகிவிட்டது. என்னுடைய சொந்தக் கேமராவால் அந்த மங்கலை அளந்து, அதன் நடுப்புள்ளியை நிமிடக் கணக்கில் பிடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவே இல்லை. இந்தக் குளிர்காலத்தில் செய்து முடித்தேன். இதே ஆசை உள்ள இன்னொருவருக்கு நான் செலவிட்ட நேரத்தில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கையில் இருந்தது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, 50 மிமீ லென்ஸ், ட்ரைபாட், கையில் பிடிக்கும் ரிமோட். தொலைநோக்கி தேவையில்லை. சொல்லப்போனால் தொலைநோக்கி இடைஞ்சல்தான். அல்காலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் விண்மீன்களும் அதே படத்துக்குள் விழ வேண்டும். தொலைநோக்கியின் பார்வைப் பரப்பு அதற்குப் போதாது.

முதலில் நேரத்தைப் பார்த்துவிடுவோம். சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். மூன்று நாளுக்கு 3 மணி 11 நிமிடம் குறைவு. அதனால் இன்று அதிகாலை 2 மணிக்கு மிகக் குறைந்த ஒளி என்றால், அடுத்தது மூன்றாம் இரவில் 10:49-க்கு, அதற்கடுத்தது ஆறாம் இரவில் 7:38-க்கு. அப்புறம் பகலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து மறுபடியும் இரவுக்குள் வரும். அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை இந்தச் சுற்று ஆறேழு தடவை கிடைக்கும். வானிலையும் கூட நிற்க வேண்டும்.

முதல் இரவு முழுக்க வீண். ஏன் வீணானது என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படங்களைப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஃபோகஸ் ஊசிமுனை மாதிரி இருந்தது. விண்மீன்கள் கூர்மையாக விழுந்திருந்தன. அன்று ராத்திரி அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். மறுநாள் ரா கோப்பை (கேமரா பதிந்த எண்கள் அப்படியே இருக்கும் கோப்பு) திறந்து பிக்சல் எண்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் கேமராவின் 14 பிட் கணக்கில் ஒரு பிக்சல் காட்டக்கூடிய அதிகபட்ச எண் 16383. அல்காலின் நடு பிக்சல்கள் எல்லாம் அந்த எண்ணிலேயே முட்டிக்கொண்டு நின்றன. நிரம்பிய பானையில் மேலும் தண்ணீர் ஊற்றினால் வழிந்துதான் போகும். எவ்வளவு ஊற்றினோம் என்று பானையைப் பார்த்துச் சொல்ல முடியாது. விண்மீன் பளிச்சென்று இருக்கும்போது ஒளி வழிந்துபோனது, மங்கியபோது மட்டும் சரியாகப் பதிந்தது. வரைபடத்தில் மறைப்பு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது போலவும், ஆழம் பாதிதான் போலவும் வந்தது. அந்த ஐந்நூறு சொச்சம் படங்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

தீர்வு, ஃபோகஸை வேண்டுமென்றே கலைப்பது. அழகான படம் எடுக்கப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம். வளையத்தை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு விண்மீனும் 12 முதல் 15 பிக்சல் அகலமுள்ள சின்ன வட்டமாகப் பரவும்வரை விட்டேன். ஒளி பல பிக்சல்களில் பங்கிடப்பட்டதும் எந்த ஒன்றும் நிரம்பவில்லை. ஐஎஸ்ஓ 200, துளை எஃப்/4, 6 நொடி. அதிகபட்ச எண் 9000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். சரியான இடம் கிடைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். இல்லையென்றால் நடு ராத்திரியில் கை பட்டு நகர்ந்துவிடும். படத்தில் விழும் புள்ளி இரைச்சலைக் கேமராவே குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, லென்ஸை மூடி 20 டார்க் படங்களைத் தனியாக எடுத்து, அவற்றின் சராசரியைப் பின்னர் கழித்தேன்.

இரண்டாவது சிக்கல், எதோடு ஒப்பிடுவது என்பது. காற்று ஒவ்வொரு நிமிடமும் மாறுகிறது, மெல்லிய முகில் வருகிறது, விண்மீன் சரியச் சரிய ஒளி குறைகிறது. ஆகவே அல்காலின் எண் தனியாக எதையும் சொல்லாது. பக்கத்தில் மாறாமல் நிற்கும் விண்மீனோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு. அல்காலுக்கு இரண்டு பாகை தள்ளி, அதே பெர்சியஸ் குழுவில் ரோ பெர்சி என்ற விண்மீன் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதைத்தான் முதலில் எடுத்தேன். அது கூடாது. ரோ பெர்சியே ஒளி மாறும் விண்மீன். சில வார இடைவெளியில் மெதுவாக ஏறி இறங்கும். ஓர் இரவுக்குள் தெரியாது. வேறு வேறு வாரத்து இரவுகளைச் சேர்த்து ஒட்டும்போது வளைவுகள் படிக்கட்டு மாதிரி விலகி நிற்கும்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது முக்கோண விண்மீன் குழுவின் பீட்டாவும், டெல்டா பெர்சியும். இரண்டின் பொலிவெண்ணும் 3.0 அருகில். பொலிவெண் என்பது விண்மீனின் ஒளியை அளக்கும் பழைய அளவு: எண் கூடினால் ஒளி குறைவு, 5 எண் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு. அல்கால் சாதாரணமாக 2.1, மிகக் குறையும்போது 3.4. ஆக 3.0 என்பது இறங்கும் வழியில் நடுவில் வருகிறது. நிறமும் இசைவாக இருக்கிறது. அல்கால் நீலவெள்ளை, செம்மஞ்சள் விண்மீனோடு ஒப்பிட்டால் காற்று நிறத்துக்கு நிறம் வேறு அளவில் ஒளியைத் தின்பதால் கணக்கு சாயும். இதற்காகவே கேமராவின் பச்சைப் பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். விண்மீன் ஒளியளவில் கண்ணுக்கு நெருக்கமான பட்டை அதுதான்.

அதைவிட முக்கியம், ஒன்று அல்காலுக்கு மேற்கே, மற்றொன்று கிழக்கே. விண்மீன்கள் மேற்கில் சாயும்போது பீட்டா முதலில் தாழ்ந்து, தடித்த காற்றுக்குள் போய் மங்கும். அதை மட்டும் நம்பினால் அல்கால் ஏறுவதாகத் தோன்றும். கிழக்கே இருப்பதை மட்டும் நம்பினால் நேர்மாறு. இரண்டின் சராசரியை எடுத்தால் இந்தச் சாய்வு பெரும்பாலும் கழிந்துபோகிறது. இதோடு கப்பா பெர்சியைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். அதன் வரைபடம் நேர்கோடாக வராத நேரத்து அளவு எதையும் நம்புவதில்லை என்று முடிவு. ஓர் இரவு மூன்று மணி அளவில் கப்பாவின் புள்ளிகள் சிதறத் தொடங்கின. போய்ப் பார்த்தால் லென்ஸின் மேல் பனி படிந்திருந்தது. அதற்குப் பிறகு லென்ஸைச் சுற்றித் துணி கட்டி, உள்ளே வெதுவெதுப்பான பொட்டலம் ஒன்றைச் செருகி வைக்கிறேன்.

நவம்பர் கடைசியில் அந்த மூன்று இரவுத் தொடர் மறுபடி வந்தது. மூன்று இரவும் வானம் விட்டுக்கொடுத்தது. முதல் இரவு நடுப்புள்ளி அதிகாலை 2 மணி. ஒன்பது மணிக்குத் தொடங்கி, வளைவின் இறங்கும் கரை (ஒளி குறையும் பக்கம்) முழுவதையும், விடியும்வரை ஏறும் கரையில் மூன்று மணி நேரத்தையும் பிடித்தேன். மூன்றாம் இரவில் ஏழு மணியிலிருந்து மூன்றரைவரை ஏறக்குறைய முழு வளைவும் கிடைத்தது. ஆறாம் இரவில் ஏறும் கரை மட்டும்.

மூன்றாம் இரவு பத்தரை மணிக்குக் கேமராவை அதன் போக்கில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு முன் டெல்டாவைவிடத் தெளிவாக ஒளிர்ந்த அல்கால், இப்போது அதைவிட மங்கலாக நின்றது. எந்தக் கருவியும் வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. ஒரு சூரியன் இன்னொரு சூரியனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பதை வெறும் கண்ணால் பார்க்கிறோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டபோது உடம்பு சிலிர்த்தது. 1782 நவம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் இதைப் பார்த்தபோது அவருக்கு 18 வயது. காது கேளாதவர். இந்த விண்மீன் மாறுவதை 1660-களிலேயே இத்தாலியின் மோன்டனாரி கவனித்திருந்தார். ஆனால் அது தவறாமல் ஒரே இடைவெளியில் மாறுகிறது என்று இரவு இரவாகப் பார்த்து நிறுவியவர் குட்ரிக். 1783-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது 2 நாள் 20 மணி 45 நிமிடம் என்று கொடுத்தார். அத்தோடு நிற்காமல், ஒரு இருண்ட பொருள் அந்த விண்மீனைச் சுற்றி வந்து குறுக்கே போகலாம், அல்லது அதன் ஒரு பக்கம் கறை படிந்திருக்கலாம் என்று இரண்டு விளக்கமும் சொன்னார். முதல் விளக்கம்தான் சரி. அதை உறுதி செய்ய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அவரோ 21 வயதில் இறந்துபோனார்.

படங்களை அளக்கும் வேலை அலுப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒரு வளையம். வட்டத்துக்குள் உள்ள எண்களைக் கூட்டி, வளையத்திலிருந்து கிடைக்கும் வான வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். இலவச மென்பொருள் இதைச் செய்துவிடும். விண்மீன்களின் விகிதத்தை மடக்கையாக்கி 2.5-ஆல் பெருக்கினால் பொலிவெண் வித்தியாசம் வரும். பத்துப் படத்துக்கு ஒரு புள்ளி என்று சராசரி எடுத்தேன். தனிப் படத்தில் 0.05 அளவு ஆடியது, சராசரியில் 0.02-க்குள் வந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. நடுப்புள்ளி எப்போது? வளைவின் அடியைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். முடியாது. அடியில் கால் மணி நேரத்துக்கு ஒளி கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. என் புள்ளிகளின் ஆட்டம் அதைவிடப் பெரிது. எந்தப் புள்ளி மிகக் கீழே இருக்கிறது என்பது தற்செயல். ஆனால் இரண்டு கரைகளிலும் ஒளி வேகமாக மாறுகிறது. செங்குத்தான இடத்தில் அரை மணிக்கு 0.2. அங்கே ஒவ்வொரு புள்ளியும் நேரத்தைச் சில நிமிடத்துக்குள் கட்டிப்போடுகிறது. நடுவைக் கண்டுபிடிக்க நடுவைப் பார்க்கக் கூடாது, கரைகளைப் பார்க்க வேண்டும்.

கணினியில் செய்ய வழிமுறை உண்டு. 1956-லிருந்து வழங்குகிற க்வீ, வான் வூர்டன் முறை. அதன் அடிப்படை, வளைவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அதன் மேலேயே பொருத்துவது. அப்படியானால் கையாலேயே செய்யலாமே என்று தோன்றியது. கிராஃப் தாளில் ஒரு மணி நேரத்துக்கு 2 செமீ என்று வைத்துப் புள்ளிகளைக் குறித்தேன். அதன் மேல் டிரேசிங் தாளை வைத்துப் புள்ளிகளையும் ஒரு செங்குத்துக் கோட்டையும் படி எடுத்தேன். பிறகு தாளைப் புரட்டிப் போட்டு, இடமும் வலமுமாக நகர்த்தினேன். இறங்கும் கரையின் பிம்பம் ஏறும் கரையின் மேல் உட்கார வேண்டும். முதலில் இரண்டு வளைவும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்காக நிற்கும். நகர்த்த நகர்த்த ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஒரு இடத்தில் சட்டென்று ஒரே வளைவாகிவிடும். அப்போது இரண்டு தாளின் செங்குத்துக் கோடுகளுக்கும் நடுவே பாதித் தூரத்தில் இருக்கிறது நடுப்புள்ளி. புரட்டுவதால் ஒரு வசதி: தாளை 2 மிமீ நகர்த்தினால் நடுப்புள்ளி 1 மிமீ தான் நகரும், அதாவது 3 நிமிடம். ஐந்து முறை புதிதாகப் பொருத்திப் பார்த்தேன். விடைகள் 3 நிமிட வட்டத்துக்குள் விழுந்தன.

விடை 10:42. மறைப்பு நேர அட்டவணை சொன்னது 10:49.

7 நிமிடம் முன்னதாக. முதல் சந்தேகம் கேமராக் கடிகாரத்தின் மேல். ஆனால் அதை ஏற்கெனவே சரிபார்த்திருந்தேன்: தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கைப்பேசியின் நேரத் திரையைக் கேமராவாலேயே படம் எடுத்து, கேமரா 3 நிமிடம் 40 நொடி பின்தங்கி ஓடுவதைக் கண்டு அதைக் கூட்டியிருந்தேன். இதைச் செய்யாமல் யாரும் தொடங்க வேண்டாம். கேமராக் கடிகாரத்தை நாம் யாரும் பார்ப்பதே இல்லை, அது தன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்கும். கூட்டலைத் திரும்பச் செய்தேன். தாளைத் திரும்பப் பொருத்தினேன். அதே 10:42.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. என்னுடைய அட்டவணை கொடுத்திருந்தது சூரியனிலிருந்து பார்த்தால் தெரியும் நேரம். நான் இருப்பது பூமியில். நவம்பர் பின்பாதியில் பூமி, சூரியனைவிட அல்காலுக்கு அருகே நிற்கிறது. சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8 நிமிடத்துக்குச் சற்று மேல். அல்கால் பூமியின் சுற்றுத்தளத்திலேயே இல்லை, சுமார் 22 பாகை விலகி இருக்கிறது. ஆகவே முழு 8 கிடைக்காது, ஏழரை நிமிடம் அளவில் வரும். மறைப்பின் செய்தி சூரியனைத் தொடுவதற்கு ஏழரை நிமிடம் முன்பே என் லென்ஸைத் தொட்டுவிட்டது. என் பிழை என்று நினைத்தது, பூமி தன் பாதையில் எங்கே நிற்கிறது என்பதன் அளவு. 1676-ல் ரோமர், வியாழனின் நிலா அயோவின் மறைப்புகள் முந்துவதையும் பிந்துவதையும் வைத்து ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டியது இதே வழியில்தான். டிரேசிங் தாளில் அது எனக்குக் கிடைத்த அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன்.

சுற்றுக்காலத்தை நானே அளக்க, டிசம்பரில் ஐந்தாவது இரவு. எட்டுச் சுற்று கழித்து வரும் மறைப்பைக் குறிவைத்தேன். இரண்டு நடுப்புள்ளிகளுக்கு இடையே 22 நாள் 22 மணி 36 நிமிடம் வந்தது. எட்டால் வகுத்தால் 2 நாள் 20 மணி 49 நிமிடம் 30 நொடி. ஏற்கப்பட்ட மதிப்புக்கும் இதற்கும் அரை நிமிடம்தான் வித்தியாசம். என் கையால் ஒரு நடுப்புள்ளியை 3 நிமிடத்துக்கு மேல் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஆனால் எட்டுச் சுற்றுக்கு நடுவே அந்தப் பிழையும் எட்டாகப் பங்கிடப்படுகிறது. பல பத்தாண்டு இடைவெளி கிடைத்தால் நொடியின் பின்னம்வரை போகலாம். அங்கே மூன்றாவது விண்மீன் ஒன்றும் இருக்கிறது. 680 நாளுக்கு ஒருமுறை அது சுற்ற, இந்த ஜோடி நம்மை நோக்கியும் விலகியும் அசைகிறது. மறைப்புகள் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் வருகின்றன.

மூன்று இரவின் புள்ளிகளையும் ஒரே சுற்றுக்குள் மடித்துப் போட்டபோது முழு வளைவும் வந்தது. முதல் தொடுகையிலிருந்து கடைசித் தொடுகைவரை 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு எண்ணையும் சுற்றுக்காலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்லலாம் பாருங்கள். 69 மணி நேரத்தில் ஒரு முழு வட்டம். 10 மணி நேரம் என்றால் ஏழில் ஒரு பங்கு, ஏறக்குறைய 52 பாகை. அதில் பாதி 26 பாகை. அதன் சைன் 0.44. மறைப்பு தொடங்கும் கணத்தில் இரண்டு வட்டுகளின் விளிம்பும் தொடுகின்றன, அதாவது நமக்குத் தெரியும் மையத் தூரம் இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை. ஆகவே, இரண்டு விண்மீன்களின் ஆரங்களையும் கூட்டினால் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தில் குறைந்தது 0.44 பங்கு. சுற்றுத்தளம் சற்றுச் சாய்ந்திருப்பதையும் சேர்த்தால் 0.45. பூமியும் சூரியனும் மாதிரி எங்கோ எட்டி நிற்கும் ஜோடி இல்லை இது. ஒன்றின் மேல் ஒன்று மூச்சு விடும் தூரம். சுமார் 90 ஒளியாண்டு தள்ளி, என் லென்ஸுக்கு ஒரே புள்ளியாகத் தெரியும் பொருளைப் பற்றி, கடிகாரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடிகிறது.

கிலோமீட்டர் கணக்குக்குக் கடிகாரம் போதாது, வேகம் வேண்டும். 1889-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் அல்காலின் நிறமாலைக் கோடுகளை அளந்தார் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்; விண்மீன் நெருங்கினாலும் விலகினாலும் இவை இடம் மாறும்). மறைப்புக்கு முன் அது நம்மை விட்டு விலகுகிறது, மறைப்புக்குப் பின் நெருங்குகிறது. கறை படிந்த விண்மீன் அப்படிச் செய்யாது. துணை ஒன்றைச் சுற்றுவது மட்டும்தான் செய்யும். துணையின் மங்கலான கோடுகள் அந்தப் பிரகாசத்துக்குள் அமுங்கியே கிடந்தன, 1978-ல்தான் பிடிபட்டன. பிரகாசமானது நொடிக்கு சுமார் 44 கிமீ, துணை சுமார் 200 கிமீ. வேகம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ அந்த விகிதத்தில் நிறை குறைவு. இப்படித்தான் இவற்றின் எடை தெரிந்தது: ஒன்று சூரியனைப் போல் 3.2 மடங்கு, மற்றொன்று 0.7. ஆரங்கள் சூரியனைப் போல் 2.73, 3.48. மையங்களுக்கு இடையே 13.65 சூரிய ஆரம். மவுண்ட் வில்சனில் ஆறு தொலைநோக்கிகளை இணைத்து இயங்கும் சாரா கருவி இந்த ஜோடியைத் தனித்தனி உருவங்களாகவே படம் பிடித்திருக்கிறது. கணக்கு சொன்னபடியே இருந்தன.

அந்த எண்களைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். எடை குறைந்த விண்மீன் அளவில் பெரியது. ஊதிப் போய், முதுமைக்குள் நுழைந்துவிட்டது. எடை கூடியது இன்னும் இளமையாக எரிகிறது. விண்மீன்களில் எடை கூடியதுதான் சீக்கிரம் எரிந்து முதிரும், ஆகவே இது தலைகீழ். விடை அந்த நெருக்கத்தில் இருக்கிறது. இப்போது மெலிந்து நிற்பதுதான் ஒரு காலத்தில் கனமானது. முதிர்ந்து ஊதியபோது அதன் வெளிப்பகுதி துணையின் ஈர்ப்புக்குள் போய்விட, வாயு அந்தப் பக்கம் கொட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் கொட்டிக்கொண்டிருக்கிறது. என் வளைவின் அகலத்தில் தெரிந்த 0.45 என்ற நெருக்கம்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கே காரணம்.

கடைசியாக ஒரு காகிதச் சோதனை. ஒரு சூரிய ஆரம் 1 செமீ என்று வைத்து 2.73 செமீ ஆரத்தில் ஒரு வட்டத்தைக் கிராஃப் தாளில் வரைந்தேன். 3.48 செமீ ஆரத்தில் இன்னொன்றை அட்டையில் வெட்டினேன். சாய்வின் காரணமாக, மறைப்பின் உச்சத்திலும் மையங்கள் 2.04 செமீ விலகியே இருக்கும். அப்படி அட்டையை வைத்து, மூடப்படாத பகுதியின் கட்டங்களை எண்ணும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள்.

“அப்பா, பாதி மூடின கட்டத்தை எண்ணணுமா?”

“பாதிக்கு மேல தெரிஞ்சா எண்ணும்மா. இல்லன்னா விட்டுடு.”

தெரிந்தது பிறை. முழு வட்டம் 2341 சதுர மிமீ. அவள் எண்ணியது 604. கால் பங்குதான் தெரிகிறது, முக்கால் பங்கு மறைந்துவிட்டது. வளைவின் அடி ஏன் தட்டையாக இல்லை என்பதும் அந்தப் பிறையில் தெரிந்தது: அட்டை ஒரு கணமும் வட்டத்தை முழுதாக விழுங்குவதில்லை, ஆகவே ஒளி இறங்கிய கையோடு ஏறத் தொடங்குகிறது. முழுதாக விழுங்கும் ஜோடிகளும் உண்டு. சீஃபியஸ் குழுவின் யு சீஃபி அப்படி. அதன் வளைவின் அடி தட்டையாக இருக்கும்.

பிறையின் பங்கு 26 விழுக்காடு. இந்தப் பிரகாசமான விண்மீன் மொத்த ஒளியில் 93 விழுக்காடு என்றும் மீதி 7 மற்ற இரண்டுடையது என்றும் வைத்தால், உச்சத்தில் மிஞ்சுவது 24-உம் 7-உம் சேர்த்து 31 விழுக்காடு. பொலிவெண் 2.1-லிருந்து 3.4-க்கு இறங்கினால் ஒளி எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டால் அதுவும் ஏறக்குறைய 30. என் கேமரா காட்டிய ஆழம் 1.24, அதாவது 32. காகிதமும் அட்டையும் கேமராவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. விளிம்புப் பக்கம் விண்மீன் சற்று மங்கலாக இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை; அதைச் சேர்த்தால் கொஞ்சம் மாறும்.

பிடிபடாதது ஒன்று இருக்கிறது. மங்கலான துணை பின்னால் போகும்போதும் ஒரு சிறிய மறைப்பு உண்டு, வெறும் 0.06 அளவு. 1910-ல் ஜோயல் ஸ்டெபின்ஸ் செலினியம் ஒளிமானியால்தான் அதை முதலில் பிடித்தார். பெரிய மறைப்பின் நடுப்புள்ளியிலிருந்து 34 மணி 24 நிமிடம் கழித்து அது வரும். ஓர் இரவு முயன்றேன். என் புள்ளிகள் 0.02 ஆடும்போது, லேசான ஒரு பள்ளம் தெரிந்தது என்று சொல்ல மனம் வந்தாலும், கப்பா பெர்சியிலும் அதே நேரத்தில் அதே மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதனால் அதை எண்ணவில்லை. அடுத்த முறை பத்துக்குப் பதில் 40 படத்துக்கு ஒரு புள்ளி, லென்ஸின் ஓர ஒளிக்குறைவைத் திருத்த வெள்ளைத் துணியை வைத்து எடுத்த ஃபிளாட் படங்கள், ஒப்பீட்டுக்கு இரண்டுக்குப் பதில் நான்கு விண்மீன்கள். ஜனவரியில் நிலா இல்லாத ஒரு வாரத்தில் இந்தச் சிறிய மறைப்பின் நடுப்புள்ளி இரவு 9 மணியை ஒட்டி வருகிறது. டேப் இன்னும் லென்ஸ் வளையத்தின் மேல்தான் ஒட்டியிருக்கிறது.